மைனஸ் வயல்

றெக்கை ஒரு நூல் சாய்ந்தாலும் ஆராய்ச்சிக்கார அம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். அளவெடுக்கும்போது விமானம் தாழ்வாக, கோடு போட்ட மாதிரி போக வேண்டும்.

அந்த விஷயத்தில் விமானி புலி. இதுவரை ஒரு திட்டு வாங்கியதில்லை.

விமானத்தின் மூக்கில் நீட்டிக்கொண்டிருக்கும் குழாய் காற்றை மோப்பம் பிடிக்கும். நிலத்துக்கும் காற்றுக்கும் நடுவே சூட்டிலும் கரியமில வாயுவிலும் என்ன கொடுக்கல் வாங்கல் நடக்கிறது என்று, இருவருக்கும் நடுவில் உள்ள திரை எண்ணாகக் காட்டும்.

ஆற்றைத் தாண்டினால் விமானியின் அக்கா வயல். அவனுக்கும் அதில் பாதி. இரண்டு போகம் பொய்த்து, புல் மண்டிக் கிடந்தது. மண் செத்துவிட்டது, கொடுத்துவிடுங்கள் என்று கிடங்கு கட்டுகிறவர்கள் நச்சரித்தார்கள். அக்கா அசையவில்லை.

"மிஷினோட தெனமும் மேல போறவன் நீ. மண்ணுல உசிரு இருக்கா இல்லையான்னு நீ சொல்லு தம்பி, கேட்டுக்கறேன்."

அவன் பார்த்தான். நெடுஞ்சாலைக்கும் கூரைகளுக்கும் மேலே கரியமில வாயு எண் ப்ளஸில் இருந்தது. வயல் பக்கம் வந்தால் மைனஸ். அக்கா வயல் அதிலும் அடிமட்டம்.

பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே மைனஸுக்கும் அவனுக்கும் ஆகாது. அர்த்தம் கேட்டிருக்கலாம். விமானம் ஓட்டுகிறவன் இதைப் போய்க் கேட்பதா என்று கூச்சமாக இருந்தது.

கொடுத்துவிடலாம் அக்கா என்று சொல்லிவிட்டான். அவள் அழுதாள். முந்தாநாள் பத்திரத்தில் அவனோடு அவளும் கையெழுத்துப் போட்டாள்.

இன்று அந்த வயலுக்கு மேல் வந்ததும் எண் மறுபடி பாதாளத்துக்குப் போனது. ஆராய்ச்சிக்கார அம்மா கை தட்டினார்.

"பாத்தீங்களா, நாம போற வழியிலயே இதான் நம்பர் ஒன்! வெறும் புல்லுதான், ஆனா காத்துல இருக்கற கரியை என்னமா உள்ள இழுக்குது! மைனஸ் ஏற ஏற அவ்ளோ உசிரு இருக்குன்னு அர்த்தம்."

அவன் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான்.

கீழே வயலோரம் மண்வாரி இயந்திரம் ஒன்று வந்து நின்றிருந்தது. அதற்குச் சற்றுத் தள்ளி அக்கா, எப்போதும்போல அண்ணாந்து பார்த்துக் கையசைத்தாள்.

றெக்கை சாய்ந்தது.

ஆராய்ச்சிக்கார அம்மா திரும்பி அவன் முகத்தைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, திட்டவில்லை. அந்தச் சுற்றின் அளவை மட்டும் அழித்தார்.

"பரவால்ல, விடுங்க. வயல் எங்க ஓடிப்போயிடப் போகுது? நாளைக்கு எடுத்துக்கலாம்."