வயிற்றுக்குள் ஒரு பலூன்

கொரியாவின் பூசான் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கிற பன்றிக்கறி சூப்புக் கடையில், கண்ணாடியில் படிந்த ஆவியைத் தாண்டி மதிய வெயில் மஞ்சளாக உள்ளே விழுகிறது. எதிரே உட்கார்ந்திருக்கும் கணவர் கிதேயின் கிண்ணத்தையே ஓக்பூன் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நாலைந்து வாய்தான், அவர் கரண்டியைக் கீழே வைத்துவிடுகிறார். இந்த எடையோடு இதய அறுவை சிகிச்சை செய்ய முடியாது என்ற மருத்துவர், போன மாதம் சாப்பாடு குறையட்டும் என்று வாய்வழியாக ஒரு பலூனை அவர் வயிற்றுக்குள் இறக்கி, அதில் உப்புநீர் நிரப்பி வைத்திருக்கிறார். தொட்டுக்கொள்ள கிம்ச்சி ஊறுகாய் வைக்க வந்த கடைக்காரம்மா நின்றுவிடுகிறாள்.

“என்னண்ணே, சூப்பு பிடிக்கலையா? முன்னெல்லாம் கிண்ணம் கழுவுற வேலையே எனக்கு வெக்க மாட்டீங்களே.”

கிதே வயிற்றைத் தட்டிக் காட்டுகிறார். “உள்ள வேற ஒருத்தன் குடிவந்துட்டான் தங்கச்சி. எனக்கே இடமில்ல.”

ஓக்பூனுக்குச் சிரிப்பு வரவில்லை. பெண் பார்த்த அன்று இதே கடையில்தான் அவர் சோற்றைச் சூப்பில் கவிழ்த்து, இரண்டு கையாலும் கிண்ணத்தைத் தூக்கிக் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சினார். வியர்த்த நெற்றியோடு அவர் விட்ட அந்தத் திருப்தியான மூச்சுக்காகவே அவள் சம்மதம் சொன்னாள். அந்தச் சத்தமில்லாமல் மேசை வெறிச்சென்று கிடக்கிறது. கரண்டி அவள் கையில் அப்படியே நிற்கிறது.

“உன் கன்னத்துல இந்த மச்சம் எப்ப வந்துச்சு?” என்கிறார் கிதே.

“பிறந்ததுலேருந்து இருக்கு. சாப்பிடுறப்ப நீங்க தலையைத் தூக்கினாத்தானே தெரியும்.”

அவர் முழங்கைகளை மேசையில் ஊன்றிக்கொண்டு அவள் முகத்தை நிதானமாகப் பார்க்கிறார். அவள் சட்டென்று குனிந்து ஒரு வாய் உறிஞ்சுகிறாள். கன்னம் சுடுகிறது, சூப்பு எப்போதோ ஆறிவிட்டது.