கழுவாத கை

அதிகாரியம்மா சிவப்புப் பேனாவை எடுத்ததும் அவள் தன் மனுவை எட்டிப் பார்த்தாள்.

மனுவின் முதல் வரி, என் மகள் பூவிதாவைத் திருப்பிக் கொடுங்கள் என்பது. அதன்மேல் ஒரு கோடு விழுந்தது. பிள்ளை காப்பகத்தில் இருக்க வேண்டும் என்பது கோர்ட் முடிவு செய்த விஷயமாம். கோர்ட் முடிவு செய்ததைப் பற்றிக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் வாங்க முடியாதாம்.

மில்லில் இரவு வேலை. பிள்ளையை உள்ளே வைத்து வீட்டைப் பூட்டிவிட்டுப் போனது உண்மைதான். பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் பூட்டினேன் என்று எழுதியிருந்தாள்.

அதற்கும் கோடு. அதெல்லாம் நீதிபதி கேட்டு முடித்துவிட்டாராம்.

எங்கே கேட்டார்? அவள் வாயைத் திறப்பதற்குள் அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள். அதையும்தான் எழுதியிருந்தாள்.

கோடு.

மாதம் ஒரு தடவைதான் பிள்ளையைப் பார்க்கலாம் என்று காப்பகத்தில் சொன்னது, வீட்டுச் சாப்பாடு கொண்டுபோகக் கூடாது என்று சொன்னது. எல்லாமே கோர்ட் உத்தரவுக்குள் அடங்கிப் போயின. மேல்முறையீட்டுக்கு வக்கீலைப் பாருங்கள் என்றார் அதிகாரியம்மா. நல்ல மனுஷிதான். சிடுசிடுவென்று இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

எங்கள் ஆட்கள் நடந்துகொண்ட விதத்தில் குறை இருந்தால் சொல்லுங்கள், அதை மட்டும் நான் விசாரிக்கலாம் என்றார்.

அவள் யோசித்தாள்.

பிள்ளையைக் கூட்டிப்போக வந்தவர்கள் கத்தவில்லை. கையைப் பிடித்து இழுக்கவில்லை. பிள்ளையின் துணியை மடித்துப் பையில் வைத்ததுகூட அவர்கள்தான். அவள் சுவரோடு சுவராக நின்றுகொண்டிருந்தாள்.

அப்புறம் ஞாபகம் வந்தது.

பூவிதா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தயிர்ச்சோறு. பாதித் தட்டில் எழுப்பிவிட்டார்கள். சாப்பிடுகிற பிள்ளையை யாராவது எழுப்புவார்களா? சண்டைக்கு வந்தவன்கூடக் கை கழுவும்வரை வாசலில் நிற்பான். எச்சில் கையோடு ஜீப்பில் ஏற்றினார்கள். ஜன்னலுக்கு வெளியே ஆட்டிய கையில் பருக்கை ஒட்டியிருந்தது.

அதிகாரியம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

இதை எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. பஸ்ஸில் வரும்போது அந்தச் சந்தோஷத்தை நினைத்து அவளுக்கே அசிங்கமாக இருந்தது.

சும்மா சொல்லக் கூடாது, ஒழுங்காக விசாரித்தார்கள். அடுத்த மாதமே கூப்பிட்டு அனுப்பினார்கள். இந்த முறை நாற்காலி போட்டு உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்தார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்திருந்தவர் எழுந்து நின்று, தப்புதாங்க என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. இனிமேல் எந்தப் பிள்ளையையும் சாப்பாட்டில் எழுப்பக் கூடாது என்று எல்லோருக்கும் உத்தரவு போயிருப்பதாக அதிகாரியம்மா சொன்னார்.

அவள் சொன்னது நியாயம் என்று முடிவாகிவிட்டது.

அவள் அந்த ஆளைக் கும்பிட்டாள். அதிகாரியம்மாவைக் கும்பிட்டாள். கட்டைப்பைக்குள் கையை விட்டுத் தூக்குப்போசியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். காலையில் பிசைந்த தயிர்ச்சோறு. பிள்ளைக்குக் காரம் ஆகாது என்று மிளகாய் கிள்ளிப் போடாமல் தாளித்திருந்தாள்.

"அப்ப மீதிச் சோத்த நான் எப்பங்க ஊட்டறது?"

வந்திருந்தவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அதிகாரியம்மாவின் கை, பழக்கத்தில், சிவப்புப் பேனாப் பக்கம் போனது. பாதியில் நின்றது.