நிலவறைக்குப் பன்னிரண்டு குச்சி

பதினோராவது குச்சியையும் கிழித்துவிட்டான்.

சுடர் நின்றது. ஆடவில்லை. ஒடுங்கவில்லை. கைபேசித் திரைக்குள் நிலவறைப் படிகள் ஐந்து தெரிந்தன. ஆறாவது படியிலிருந்து இருட்டு.

அவன் இறங்கவில்லை.

குச்சி எரிந்து அணைந்தது. திரை மூலையில் தீப்பெட்டிப் படம். அதன் பக்கத்தில் ஒன்று என்ற எண்.

அந்த விளையாட்டில் உயிர் பிழைக்கக் கொடுப்பது மொத்தம் பன்னிரண்டு குச்சி. கத்தி கிடையாது, கம்பு கிடையாது. வீட்டுக்குள் ஒன்று நடமாடுகிறது. முகம் தெரியாதது. முகத்துக்கு நேரே வெளிச்சம் காட்டினால் மட்டும் பின்வாங்கும். அதனிடம் அகப்படாமல் நிலவறைக்குள் இறங்கி, மறுபக்கம் ஏறிவிட்டால் ஆட்டம் ஜெயித்தது.

ஒன்பது குச்சியை வாசல்களிலேயே தீர்த்திருந்தான். அது வந்தபோது கொளுத்தியது ஒன்றே ஒன்று.

வேலைக்குப் போகாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாரே என்று மருமகன் ஏற்றிக்கொடுத்த விளையாட்டு. அவனே ஒருநாள் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

"மாமா, குச்சி பேய வெரட்டுததுக்கு. நீங்க வாசல் வாசலா கொளுத்திக்கிட்டு நிக்கியளே. பேய் என்ன சாமியா, தீவாரணை காட்ட?"

இவன் அடுத்த வாசலிலும் ஒரு குச்சியைக் கிழித்தான்.

கிணறு வெட்டிப் பழகிய கை. மூடிக் கிடந்த குழி எதுவானாலும் முதலில் நெருப்பு இறங்கும். பிறகுதான் ஆள். விளக்கைக் கயிற்றில் கட்டி விடுவார்கள். சுடர் நின்றால் அடியில் மூச்சுக்குக் காற்று உண்டு. ஒடுங்கினால் தலையை நீட்டி எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது.

இந்த வீட்டு நெருப்போ எந்த வாசலிலும் ஒடுங்குவதில்லை.

அதுதான் அவனை இறங்கவிடவில்லை. நல்லதுக்கும் கெட்டதுக்கும் ஒரே மாதிரி எரிகிற நெருப்பு. அதை நம்பி எப்படிக் காலை வைப்பது?

திரைக்குள், பின்னால் மரப்பலகை முனகியது. வருகிறது.

வெளியே நல்ல மத்தியானம். தெருவில் மீன்காரியிடம் யாரோ பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். இவன் விரலை வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி திரையில் வைத்தான்.

ஒரே குச்சி.

கிணற்றடியில் அன்றைக்கு அவன் தீப்பெட்டியில் இரண்டு இருந்தன.

கோயில் கொடைத் திருவிழாவுக்காக மூன்று நாள் வேலையை நிறுத்தி, பலகை போட்டு மூடி வைத்திருந்த கிணறு. பலகையை எடுத்ததும் கூட வேலை பார்த்த கொம்பையா வேட்டியை இறுக்கிக்கொண்டு வடத்தைப் பிடித்தான்.

"எலேய், வெளக்க எறக்கிப் பாத்தியா?"

"பாத்தாச்சுண்ணே."

இவன் பார்க்கவில்லை. காற்று வீசிக்கொண்டிருந்தது. விளக்கேற்றப் போனால் இரண்டு குச்சியும் வீணாகும். கடை இரண்டு மைல். மத்தியானப் பீடிக்கு இருக்கட்டும் என்று பெட்டியை மடியில் செருகிக்கொண்டான்.

"எனக்கும் ஒரு பீடி வையில. மேல வந்து இழுக்கேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினான் கொம்பையா.

பாதி ஆழத்தில் அவன் பிடி விட்டு, வடம் கனம் குறைந்தது.

சுடர் நின்றது என்றுதான் இவன் எல்லோரிடமும் சொன்னான். போலீசிடம் சொன்னான். பெண்டாட்டியிடம் சொன்னான். கொம்பையாவின் பெண்டாட்டி பேச்சியிடமும் சொன்னான். அவள் அழுகைக்கு நடுவில் இவன் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ என்ன செய்வ கொழுந்தா, நீ பாத்துத்தான எறக்குன" என்றாள்.

அந்தக் கையில்தான் இப்போது கைபேசி இருந்தது.

கைபேசிக்குள் பலகை மறுபடி முனகியது. இந்த முறை பக்கத்தில்.

"ஏங்க, மேஸ்திரி வந்து நிக்காரு." அவன் பெண்டாட்டி கதவருகில் நின்றாள். "நாளைக்குக் கெணத்துக்கு வாரியளான்னு கேக்காரு. அந்த மனுசன் பாத்து எறக்குனா தைரியமா எறங்கலாம்னு ஆளுகளும் சொல்லுதாவளாம். என்ன சொல்லட்டும்?"

அவன் நிமிரவில்லை.

திரும்பி, அதன் முகத்துக்கு நேரே கொளுத்தினால் இன்னும் கொஞ்ச நேரம் உயிர் இருக்கும். மருமகன் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தான்.

அவன் திரும்பவில்லை. நிலவறை வாசலில் குனிந்து கிழித்தான்.

சுடர் நின்றது.

"ஒடுங்கு" என்றான், வாய்க்குள்.

நின்றது.

"ஒடுங்கித் தொலையேன்."

குச்சியின் அடிவரை ஒழுங்காக எரிந்தது. முதுகுக்குப் பின்னால் மூச்சுச் சத்தம். இரண்டு வெளிறிய கைகள் இருபுறமும் வந்து திரையை மூடின.

ஏதோ எழுத்து வந்தது. வழக்கமாக விரல் வைத்து, எழுத்துக்கூட்டிப் படிப்பான். இன்று கைபேசியைப் பாயில் கவிழ்த்தான்.

"ஏதாச்சும் சொல்லுங்க. வெயில்ல நிக்காரு பாவம்."

எழுந்து ஆணியிலிருந்து சட்டையை எடுத்து மாட்டினான்.

"மேஸ்திரியப் போகச் சொல்லு."

அவன் செருப்பைத் தேடி மாட்டினான்.

"பேச்சி மதினி இப்ப வீட்டுல இருக்குமா?" என்று கேட்டான்.