அடுத்த அரை மணி நேரம்

"பணத்தையும் கட்டிட்டு, குதிரையைக் கையில பிடிச்சுக்கிட்டு நடந்தே போற மனுஷனை இப்பதான் பாக்கறேன்" என்றார் பல் டாக்டர், மனைவியிடம்.

"மெதுவாப் பேசுங்க. சம்பந்தி காதுல விழுந்துடப் போகுது."

அதுதான் சிக்கல். வேறு யாராவது என்றால் டாக்டர் வாய்விட்டுச் சிரித்திருப்பார். இவர் மகளின் மாமனாராகப் போய்விட்டார்.

சவாரிப் பள்ளியில் மாலை ஐந்து மணிக்கு முந்திரி என்கிற பழுப்புக் குதிரை டாக்டருக்கு. ஐந்தரைக்கு அதே முந்திரி சம்பந்திக்கு.

டாக்டர் முழங்கால் வரைக்கும் பூட்ஸ், தலையில் தொப்பி, கையில் சின்னச் சாட்டை என்று ஜம்மென்று வருவார். ஏறியதும் கடிவாளத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். பிடித்ததை விடாமல் இழுப்பது அவருக்குத் தொழில் பழக்கம். குதிரை ஓட ஆரம்பித்தால் அதன் முதுகில் தொப்தொப்பென்று விழுந்து எழுந்துகொண்டே போவார். இறங்கும்போது இரண்டு பேருக்குமே மூச்சு வாங்கும். ஆனால் இதுவரை ஒரு தடவைகூடக் கீழே விழுந்ததில்லை. அதில் மனுஷருக்கு ஏகப்பட்ட பெருமை.

சம்பந்தி வெறும் செருப்போடு வருவார். முதல் வேலையாகச் சேணத்தை இறக்குவார், கடிவாளத்தைக் கழற்றுவார். குதிரையின் முதுகைத் தேய்த்துவிட்டு, ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றி நடப்பார். நடந்துகொண்டே அதனிடம் என்னவோ பேசுவார். நேரம் முடிந்ததும் லாயத்தில் கட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார்.

"சும்மா ஏறிப் பாருங்க சம்பந்தி. நான் இருக்கேன்ல" என்று டாக்டர் எத்தனையோ முறை தைரியம் சொல்லிப் பார்த்துவிட்டார்.

"இருக்கட்டும் சம்பந்தி. எனக்கு இது போதும்" என்பார் அவர்.

போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர் வேறு. இவர் எந்தத் திருடனைப் பிடித்திருப்பார் என்று டாக்டர் மனசுக்குள் சிரித்துக்கொள்வார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது பள்ளியின் ஆண்டு விழா வந்தது. சவாரி கற்றுக்கொள்கிற எல்லோரும் எல்லார் முன்னாலும் ஓட்டிக் காட்ட வேண்டும். பேத்தி வேறு தன் வகுப்பு முழுக்க, "எங்க தாத்தா குதிரை ஓட்டுவாரே" என்று தண்டோரா போட்டுவிட்டாள். டாக்டர் அந்தக் காட்சியைக் கற்பனை செய்து பார்த்தார். குழந்தை முன்னால் தொப்பி ஒரு பக்கம், தான் ஒரு பக்கம் என்று ஆகிவிட்டால்?

நேராகப் பயிற்சி தருகிற பெண்ணிடம் போனார்.

"மேடம், அந்த அஞ்சரை மணியையும் எனக்கே குடுத்துடுங்க. அவர் எப்படியும் ஏறப் போறதில்ல. ஒரு நல்ல குதிரை வீணாப் போகுது."

அவள் தயங்கினாள். "அதை நீங்க அவர்கிட்டயே கேட்டுடுங்க டாக்டர்."

கேட்டார். சம்பந்தியின் முகம் வாடிவிட்டது.

"வேற என்ன வேணும்னாலும் கேளுங்க சம்பந்தி. அது மட்டும் வேண்டாமே."

"நீங்கதான் ஏறறதே இல்லையே. சரி, ஒரே ஒரு சுத்து ஏறிக் காட்டுங்க. அப்புறம் நான் இந்தப் பேச்சுக்கு வாயே திறக்கல."

சம்பந்தி முந்திரியைப் பார்த்தார். அதன் காதோரம் குனிந்து, "ஒரே ஒரு சுத்துதான்" என்றார், ஏதோ மன்னிப்புக் கேட்கிற மாதிரி. அப்புறம் செருப்பைக் கழற்றிவிட்டு, அங்கே கிடந்த மர முக்காலியில் கால் வைத்து, சேணம் இல்லாத வெற்று முதுகில் ஏறி உட்கார்ந்தார்.

"கடிவாளம் போடலியே?" டாக்டர் பதறினார்.

"வேண்டாம். கயிறு போதும்."

குதிரை நடந்தது. அப்புறம் ஓடியது. டாக்டரைச் சுமக்கும்போது காதை மடக்கிக்கொண்டு முரண்டு பிடிக்கிற அதே முந்திரி, தானாக ஆசைப்பட்டு ஓடுவது போல ஓடியது. சம்பந்தி கையில் நிறை தம்ளரைக் கொடுத்திருந்தாலும் ஒரு சொட்டு சிந்தியிருக்காது. ஒரு சுற்று முடிந்ததும் சத்தமில்லாமல் இறங்கிவிட்டார்.

இனி திறக்கவே மாட்டேன் என்று டாக்டர் சொன்ன வாய், அவ்வளவு நேரமும் திறந்தபடியே இருந்தது.

"எங்க கத்துக்கிட்டீங்க?"

"போலீஸ்ல குதிரைப் படையிலதான் இருந்தேன். நீங்க கேக்கவே இல்லையே சம்பந்தி."

"இவ்வளவு தெரிஞ்சு வச்சுக்கிட்டு ஏன் ஏறாம இருக்கீங்க?"

"ஏறி ஏறி அலுத்துப் போச்சு" என்று சிரித்துவிட்டு, சம்பந்தி மறுபடி குதிரையின் முதுகைத் தேய்க்கப் போய்விட்டார்.

டாக்டருக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதே சமயம், இப்பேர்ப்பட்ட மனுஷர் நம் சம்பந்தி என்று சந்தோஷமாகவும் இருந்தது. மறுநாள் பயிற்சி தருகிற பெண்ணிடம் பெருந்தன்மையாகச் சொன்னார்.

"அஞ்சரை மணி அவருக்கே இருக்கட்டும் மேடம். நான் காலையிலயும் வந்து அந்த வெள்ளைக் குதிரையில பழகிக்கறேன்."

"தாராளமா வாங்க. ஆனா அதுக்கு முன்னாடி உங்க சம்பந்திக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கறேன்."

"நான் ஏறப் போறேன். அவரை எதுக்குக் கேக்கணும்?"

அவள் கொஞ்சம் நெளிந்தாள். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"அவரும் காலையில வர முடியணுமே டாக்டர். நீங்க எந்தக் குதிரையில ஏறினாலும், நீங்க இறங்கினதும் அடுத்த அரை மணி நேரம் அந்தக் குதிரை தனக்குத்தான்னு, உங்க சவாரியை முதல் தடவை பாத்த அன்னிக்கே சொல்லி வச்சுட்டாரு."