விசர்ச் சனம்

லண்டன் டூட்டிங் வீட்டுக் குசினியில், அடுப்புக்குப் பக்கத்து மேசையில் பிரித்தானியக் குடியுரிமைப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த தயாளினி எரிச்சலோடு நிமிர்ந்தாள்.

“இந்த வெள்ளைக்காரரை எனக்கு விளங்கேல்லை. பார்லிமெண்டை மதிக்கேல்லை எண்டு ராசாவோட சண்டை பிடிச்சு, அவரின்ரை தலையையும் வெட்டிப்போட்டு, பிறகு தங்களுக்குள்ள ஒத்துவராமல் அவரின்ரை மகனையே கூப்பிட்டு முடி சூட்டியிருக்கினம்!”

“விசர்ச் சனம், மூளை பிசகினதுகள்,” என்றான் கணவன் குகதாசன். “அதுக்கேன் இவ்வளவு பேர் சாகோணும்?”

அவனுடைய தொலைபேசி அடித்தது. கோயில் நிர்வாகசபைச் செயலாளர்.

“ஓம் அண்ணை, வழக்குப் பேசித்தானே பழைய தலைவரைக் கலைச்சனாங்கள். இப்ப தேர்த்திருவிழா வருது, புதுத் தலைவர் ஆரெண்டு எங்களுக்குள்ளயே அடிபாடு,” என்றான் குகதாசன்.

அவன் பெருமூச்சு விட்டான்.

“சரி, வேற வழியில்லை. அவரின்ரை மகனையே கேட்டுப் பாப்பம்.”

தயாளினி பக்கத்தைப் புரட்டினாள். அவளுக்கு இப்போது எல்லாம் விளங்கிவிட்டது.