இடப்பக்க அலாய்

வலப்பக்கக் கண்ணாடியை மடக்கிக்கொண்டு, காரை மாமனார் வீட்டு கேட்டுக்குள் கொண்டுவந்து மதிலோடு மதிலாக ஒட்டி நிறுத்தினார் இளைய மருமகன்.

இனி ஓட்டுகிற பக்கத்துக் கதவைத் திறக்க வழியில்லை. மனைவி முதலில் இறங்கினாள். அவர் கியரைத் தாண்டி, அவள் சீட்டில் பொத்தென்று விழுந்து, அவள் கதவு வழியாக வெளியே வந்தார். சட்டை ஒரு பக்கம் கசங்கிவிட்டது. கசங்கினால் கசங்கட்டும்.

இடப்பக்கச் சக்கரம் இரண்டும் வெயிலில் தகதகவென்று மின்னின. புதிதாக மாட்டிய அலாய் சக்கரம். வெள்ளி நிறம், ஐந்து விரலை விரித்துவைத்த மாதிரி.

வலப்பக்கம் வண்டியோடு வந்த அதே கறுப்பு இரும்புச் சக்கரம்தான்.

பழைய சக்கரம் விற்கிற கடையில் இந்த டிசைனில் இரண்டுதான் இருந்தது. முன்னால் மாட்டவா, பின்னால் மாட்டவா என்று கடைக்காரர் கேட்டார். ஒரே பக்கமாக மாட்டுங்கள் என்றார் இவர். கடைக்காரர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு இவரை ஏற இறங்கப் பார்த்தார்.

தெருவில் போகிறவன் வலப்பக்கத்தைப் பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும். அவன் என்ன மாமனார் வீட்டு ஆளா?

"அக்காவுக்கு மட்டும் தெரிஞ்சுது, அப்புறம் நான் இந்த வாசல்ல தலைகாட்ட முடியாது" என்று பல்லைக் கடித்தாள் மனைவி.

எல்லாம் சகலையால் வந்தது. அந்த அக்காவின் புருஷன்.

எதிர் மதிலோரமாக அவருடைய கார் நின்றது. அலாய் போட்டு ஒரு வருஷமாகிறது. குடும்பம் கூடுகிற நாளெல்லாம் முதல் ஆளாக வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்வார். கடைசி ஆள் கிளம்பிப் போகிறவரை வண்டியை அசைக்கமாட்டார். அவ்வளவு திமிர் என்று இவர் மனைவியிடம் புலம்பாத நாளில்லை.

சாப்பிட்டு முடித்ததும் சகலை தன் முன்சக்கரத்துப் பக்கத்தில் நின்று ஆரம்பிப்பார். முதலில் மரச்சக்கரம், அப்புறம் கம்பி வைத்தது, அப்புறம் இரும்பு. பந்தயம் ஓட்டுகிறவர்கள் எடை குறையட்டும் என்று லேசான உலோகத்தில் வார்த்தார்கள். அதற்கப்புறம் ஜென்மத்தில் பந்தயமே ஓட்டாதவனுக்கும் அதுதான் வேண்டியிருந்தது. நிற்கும்போதே ஓடுகிற மாதிரி இருக்கிறதா இல்லையா மாமா, என்று கேட்டு முடிப்பார்.

மாமனார் வாயெல்லாம் பல்லாகத் தலையாட்டுவார். பிறகு இளைய மருமகனின் கறுப்புச் சக்கரத்தைப் பார்ப்பார். ஏதாவது சொல்லவேண்டுமே என்று, உங்கள் வண்டி நல்ல மைலேஜ் தருகிறதில்லையா மாப்பிள்ளை என்பார்.

அந்த மைலேஜ் என்ற வார்த்தை ஒரு வருஷமாக இவர் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

இன்றைக்குச் சாப்பிட்டு முடித்ததும் மாமனார் குனிந்து, இடப்பக்க அலாயில் தன் முகத்தையே பார்த்தார். விரலால் தட்டினார். பரவாயில்லையே மாப்பிள்ளை என்றார்.

அந்த ஒரு வார்த்தை போதும். இவர் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டார்.

அதோடு விட்டிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். மாமனாருக்கு ஆசை வந்துவிட்டது. இரண்டு மருமகன்களும் வண்டியை வெளியே எடுத்துத் தெருவில் ஜோடியாக நிறுத்தவேண்டுமாம். சுற்றிச் சுற்றி நாலு படம் எடுத்துத் தன் தம்பிக்கு அனுப்பவேண்டுமாம்.

சுற்றிச் சுற்றி.

அடுப்பில் எதையோ வைத்த ஞாபகம் வந்து மனைவி உள்ளே ஓடிவிட்டாள். அடுப்பை அணைத்து ஒரு மணி நேரமாகிறது.

சாவியைத் தேடுவதுபோல் இவர் பாக்கெட்டைத் தடவிக்கொண்டு நின்றார். சாவி கையில்தான் இருந்தது.

சகலைதான் முன்னால் வந்தார். தெருவில் வெயில் எதிரே அடிக்கும், படம் வெளுத்துப்போகும் என்றார். வண்டி இரண்டும் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், நடுவில் நாங்கள் நிற்கிறோம், நீங்கள் கேட்டிலிருந்தே எடுங்கள் மாமா என்றார். பெரிய மாப்பிள்ளை சொன்னால் மாமனாருக்கு மறுபேச்சில்லை.

வாழ்நாளில் முதல் தடவையாக இவருக்குச் சகலையைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது.

இருவரும் நடுவில் நின்றார்கள். இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு, நாலு அலாயும் கண்ணைப் பறித்தன. மாமனார் போனைத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பின்னால் நகர்ந்து நகர்ந்து குறி பார்த்தார்.

சகலை இவர் தோளில் கை போட்டார். சிரித்த முகம் சிரித்தபடியே இருக்க, உதடு அசையாமல் காதுக்குள் சொன்னார்.

"சுவத்த இவ்வளவு ஒட்டி நிறுத்தாதீங்க சகல, சந்தேகம் வரும். ஒரு சாண் விட்டாப் போதும். நான் ஒரு வருஷமா அப்படித்தான் சமாளிக்கிறேன்."