சொட்டாத டிகாஷன்

கடகடவென்று ஷட்டர் ஏறும் சத்தம் கேட்டது.

"முதலாளியம்மா பால் வாங்கிட்டு வந்துட்டாங்க" என்று நடுங்கியது பித்தளை ஃபில்டர். வெந்நீர் ஊற்றி எவ்வளவோ நேரமாகியும் ஒரு சொட்டு டிகாஷன்கூட இறங்கவில்லை. "ஏ மிஷினு, தூளை என்னடா பண்ணித் தொலைச்சே?"

அரைக்கும் மிஷின் குரலைத் தாழ்த்தியது. "பார்த்த வேலையை விட்டுட்டுக் காப்பிக்காகவே கடை போட்டவங்க அந்தம்மா. கொட்டை வறுக்கும்போது கண்ணை மூடி மோந்து பார்ப்பாங்க பாரு, அந்த ஆசை எனக்கும் ஒட்டிக்கிச்சு. பல்லை இறுக்கி மாவாட்டம் அரைச்சுட்டேன்."

"மாவா? நான் என்ன இட்லித் தட்டா? என் கண்ணெல்லாம் அடைச்சுப்போச்சு. எனக்கு முந்தி இருந்தவனை, சொட்டலைன்னு ஆணியால குத்தினாங்களே, மறந்துட்டியா?"

குத்துப்பட்ட அந்தப் பழைய ஃபில்டர், மூலையில், காயலான் கடைக்குப் போகும் கூடையில் கிடந்தது.

முதலாளி அல்லி உள்ளே வந்தாள். வாசலில் ரெண்டு பேர் காப்பிக்கு நின்றார்கள். ஃபில்டரைத் திறந்து பார்த்தவள், ஈரத்தூளைக் கொட்டிவிட்டு, ஆணியையும் சுத்தியலையும் எடுத்தாள். ஆணிமுனை அடித்தட்டைத் தொட்டது. ஃபில்டர் மூச்சை அடக்கிக்கொண்டது.

விரலில் ஒட்டிய தூளை அல்லி தேய்த்துப் பார்த்தாள். "அடச்சே, சேறு மாதிரியில்ல இருக்கு!"

ஆணியை வைத்துவிட்டு மிஷினின் திருகைத் தளர்த்தினாள். புதுக் கொட்டையைப் போட்டாள். "கொஞ்சம் பொறுங்கண்ணே" என்றாள் வாசலைப் பார்த்து.

கூடையிலிருந்து மெல்லிய குரல் வந்தது. "அன்னைக்கும் தூள் இப்படித்தான் இருந்துச்சா, மிஷினு?"

மிஷின் அவசர அவசரமாகக் கொட்டையை அரைக்கத் தொடங்கியது.